மூட்டை விலையைப் பார்க்காதீர்கள், லைசின் விலையைப் பாருங்கள்

தாராசுரத்தைச் சுற்றிப் பன்றிக்குத் தீனிக்குப் பஞ்சம் இல்லை. காய்கறி மார்க்கெட்டில் தினமும் கழிவு சேருகிறது. கும்பகோணத்தில் ஹோட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மிச்சம் தருகின்றன. எந்தப் பக்கம் போனாலும் அரிசி ஆலை உண்டு. தவிடும் நொய்யும் கிடைக்கும். நெல் தரிசில் விதைத்த உளுந்து வீடு வந்து சேர்ந்தால், பருப்பு மில்லில் உளுந்தம்பொட்டு கிடைக்கும். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், எட்டு மாதத்தில் 80, 90 கிலோவுக்கு வரவேண்டிய வெண்பன்றி நம் கொட்டகைகளில் பத்து மாதம், ஒரு வருடம் என்று இழுக்கிறது. வயிறு நிறைகிறது, சதை ஏறவில்லை.

குட்டி சரியில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் சில இடங்களில் உண்மைதான். ஆனால் டெல்டாவில் பெரும்பாலான கொட்டகைகளில் முதலில் பார்க்கவேண்டியது தீவனத்தில் உள்ள லைசின் என்ற ஒரே ஒரு சத்து. பன்றி வளர்ப்பில் மொத்தச் செலவில் முக்கால் பங்கு வரை தீவனத்துக்கே போகிறது. அந்த முக்கால் பங்கை நாம் தவறான அளவுகோலால் அளக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

வரப்பின் தாழ்ந்த இடம்

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. சுமார் 20 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அவற்றில் பாதியைப் பன்றி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். மீதிப் பாதி தீவனத்தில் வந்தாக வேண்டும். லைசின், திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபான் ஆகிய நான்கும் அந்த மீதிப் பாதியில் அடக்கம். தானியத்தை அடிப்படையாக வைத்துக் கலக்கும் பன்றித் தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின்.

டெல்டா விவசாயிக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. உங்கள் வயலைச் சுற்றி வரப்பு இரண்டடி உயரம் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரையடிக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? அரையடிதான். மற்ற மூன்று பக்கமும் வரப்பை இன்னும் உயர்த்தினால் மண் சுமந்த கூலிதான் மிச்சம். லைசின் குறைந்த தீவனத்தில் பிண்ணாக்கை அள்ளிப் போடுவதும் இதே வேலைதான். மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும், லைசின் உள்ள மட்டத்துக்குத்தான் சதை வளரும். மிஞ்சியதைப் பன்றி நாளைக்கு என்று சேர்த்துவைக்க முடியாது. அதை எரித்து, யூரியாவாக மாற்றி, மூத்திரத்தில் விட்டுவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம் சாக்கடையில் போகிறது.

புரதம் சரி, லைசின் சரியில்லை

வளரும் பன்றிக்கு 18 சதவீதம் புரதம், பெரிய பன்றிக்கு 16 சதவீதம் என்று பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். தவறில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் கலக்கும் தீவனத்தைப் பாருங்கள்.

100 கிலோவுக்கு நொய் 45 கிலோ, நல்ல தவிடு 27 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 25 கிலோ, தாது உப்பும் சமையல் உப்பும் 3 கிலோ. இந்தப் பக்கத்தில் பலரும் கலக்கும் கலவை இது. நொய்யில் 8, தவிட்டில் 12.5, கடலைப் பிண்ணாக்கில் 42 சதவீதம் புரதம் என்று போட்டால், மொத்தம் ஏறக்குறைய 17.5 சதவீதம் வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போது லைசினைக் கூட்டுங்கள். நொய்யில் சுமார் 0.3 சதவீதம், தவிட்டில் 0.55, கடலைப் பிண்ணாக்கில் 1.5. மூன்றையும் சேர்த்தால் கலவையில் 0.66 சதவீதம்தான் வரும். 20 கிலோவிலிருந்து 50 கிலோ வரை உள்ள பன்றிக்கு எவ்வளவு தேவை? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1998ல் வெளியிட்ட அட்டவணை 0.95 சதவீதம் என்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. புரதம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. லைசின் வரப்பு உடைந்து கிடக்கிறது.

கடலைப் பிண்ணாக்கு மாட்டுக்கு அருமையான தீனி. மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வருகிற புரதத்தை உடைத்து, தங்கள் உடம்பில் புதிய புரதமாகக் கட்டி மாட்டுக்குக் கொடுக்கின்றன. பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. வாயில் போட்ட தரம்தான் குடலுக்குக் கிடைக்கும். மாட்டுத் தீவன அனுபவத்தை அப்படியே பன்றிக் கொட்டகைக்குக் கொண்டுவருவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய செலவு.

மலிவுத் தீவனம் எவ்வளவு விலை?

ஒரு கணக்கு போடுவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

சமச்சீரான தீவனம் கிலோ 30 ரூபாய். ஒரு கிலோ எடை ஏற மூன்றரை கிலோ தீவனம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவில் வாங்கிய குட்டி 90 கிலோ ஆக 245 கிலோ தீவனம், 7,350 ரூபாய். லைசின் குறைந்த தீவனம் கிலோ 26 ரூபாய். ஒரு கிலோ எடைக்கு நாலரை கிலோ பிடிக்கிறது. அதே 70 கிலோ ஏற 315 கிலோ தீவனம், 8,190 ரூபாய். கிலோவுக்கு 4 ரூபாய் மிச்சம் பிடித்தவர் பன்றிக்கு 840 ரூபாய் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். தினம் 600 கிராம் ஏறும் பன்றி 117 நாளில் போகும் இடத்துக்கு, 400 கிராம் ஏறும் பன்றி போக 175 நாள் ஆகும். இரண்டு மாதக் கூலியும் தண்ணீரும் கொட்டகை இடமும் தனிக் கணக்கு. கடன் வாங்கிக் குட்டி எடுத்தவருக்கு வட்டியும் தனி.

அதனால் தீவனக் கடையில் நின்று மூட்டை என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிலோ லைசின் எனக்கு என்ன விலையில் விழுகிறது என்று கேளுங்கள். கணக்கு சுலபம். கிலோ விலையை லைசின் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். சோயா பிண்ணாக்கில் லைசின் 2.8 சதவீதம். கிலோ 45 ரூபாய் என்றால் ஒரு கிலோ லைசின் சுமார் 1,600 ரூபாய். அதே 45 ரூபாய்க்குக் கடலைப் பிண்ணாக்கு வாங்கினால் 3,000 ரூபாய். தூளாக விற்கும் எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 78 சதவீதத்துக்கு மேல் லைசின் இருப்பதால், ஒரு கிலோ லைசின் 260 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

150 கிராம் செய்யும் வேலை

அப்படியானால் பிண்ணாக்கை நிறுத்திவிட்டு லைசின் தூளையே போட்டுவிடலாமா? முடியாது. ஒரு தாழ்ந்த இடத்தை அடைத்தால் தண்ணீர் அடுத்த தாழ்ந்த இடத்தில் வழியும். லைசினுக்கு அடுத்து திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபான் காத்திருக்கின்றன. லைசினை 100 என்று வைத்தால், திரியோனின் 65 அளவிலும், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 60 அளவிலும், டிரிப்டோபான் 18 அளவிலும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பன்றித் தீவனக்காரர்கள் பின்பற்றும் விகிதம். கடலைப் பிண்ணாக்கில் லைசின் மட்டுமல்ல, திரியோனினும் மெத்தியோனினும் குறைவு. அதனால் கடலைப் பிண்ணாக்கோடு லைசின் தூளை மட்டும் கலந்தால் பாதிப் பலன்தான்.

சோயா அடிப்படையிலான கலவையில் ஒரு எளிய விதி உண்டு. ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயா பிண்ணாக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 48.5 கிலோ தானியமும் ஒன்றரை கிலோ லைசின் தூளும் போடலாம். வளர்ச்சி குறையாது. இதற்கு மேல் போனால் மற்ற அமினோ அமிலங்களையும் வாங்கவேண்டி வரும். மேலே சொன்ன விலையில் 50 கிலோ சோயா 2,250 ரூபாய். 28 ரூபாய் நொய்யும் லைசினும் சேர்ந்து 1,660 ரூபாய்க்குள் முடிந்துவிடும். டன்னுக்கு 590 ரூபாய் மிச்சம். இது பெரிய தொகை இல்லை. பெரிய லாபம், லைசினே குறைவாக இருந்த கலவையைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பொருட்களை வைத்து, 20 முதல் 50 கிலோ வரை உள்ள பன்றிக்கு ஒரு கலவை பாருங்கள். நொய் 40 கிலோ, ஆலைத் தவிடு 25, சோயா பிண்ணாக்கு 15, உளுந்தம்பொட்டு 12, எள்ளுப் பிண்ணாக்கு 5, தாது உப்புக் கலவை இரண்டரை கிலோ, சமையல் உப்பு அரை கிலோ, இவற்றோடு லைசின் தூள் 150 கிராம். புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும், லைசின் 0.95 சதவீதம் வந்துவிடும். எள்ளுப் பிண்ணாக்கில் லைசின் குறைவு, மெத்தியோனின் அதிகம். உளுந்தில் அதற்கு நேர்மாறு. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்த்து அரைக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 150 கிராம் தூளை நேரே 100 கிலோவில் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள்.

உளுந்தம்பொட்டு மில்லுக்கு மில் மாறும். பருப்புக் குருணை அதிகம் கலந்த பொட்டுக்கும் வெறும் தோலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இந்தக் கலவையைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மில் பொருளைப் பரிசோதித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

லைசின் தூள் ரசாயனம் ஆயிற்றே, ஊசி மருந்து மாதிரியா என்று சிலர் பயப்படுகிறார்கள். இது ஹார்மோனும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. சர்க்கரைப் பாகிலும் மாவிலும் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்து நொதிக்கவைத்து எடுப்பது. ஜப்பானில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய முறை. வாங்கும்போது மட்டும் பையைப் படியுங்கள். லைசின் சல்பேட் என்று வருவதில் லைசின் அளவு குறைவு. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

எல்லாப் பன்றிக்கும் ஒரே தொட்டி வேண்டாம்

பால் மறந்த குட்டிக்கும் 90 கிலோ பன்றிக்கும் ஒரே கலவை கொடுப்பது நம் வழக்கம். இதில் இரண்டு பக்கமும் நஷ்டம். அதே 1998 அட்டவணைப்படி 10 முதல் 20 கிலோ வரை லைசின் 1.15 சதவீதம் தேவை. 20 முதல் 50 வரை 0.95. 50 முதல் 80 வரை 0.75. 80க்கு மேல் 0.60 போதும். சினைப் பன்றிக்கும் 0.55 அளவு போதும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும்போது மறுபடி 0.9க்கு மேல் வேண்டும்.

முதலில் சொன்ன கடலைப் பிண்ணாக்குக் கலவையில் லைசின் 0.66 இருந்தது நினைவிருக்கிறதா? 30 கிலோ குட்டியைக் கெடுக்கும் அதே கலவை, 80 கிலோ தாண்டிய பன்றிக்குப் போதும். கலவையை மாற்றாமல், யாருக்குப் போடுகிறோம் என்பதை மாற்றினாலே காசு மிச்சமாகும். இரண்டு தொட்டி, இரண்டு கலவை. அதற்கு மேல் பிரிக்கச் சிறு பண்ணையில் முடியாது, தேவையும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த அட்டவணைகள் வேகமாக வளரும் ரகங்களுக்குப் போட்டவை. நாட்டுப்பன்றி மெதுவாக வளரும் இனம். அதற்கு இவ்வளவு லைசின் கொட்டினால் வீண். யார்க்‌ஷயர், லாண்ட்ரேஸ், அவற்றின் கலப்பினம், காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் யார்க்‌ஷயரையும் நாட்டுப்பன்றியையும் கலந்து உருவாக்கிய தானுவாஸ் கேபிஎம் கோல்டு போன்றவை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. நல்ல இனம் வாங்க ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தீனியில் நாட்டுப்பன்றிக் கணக்கைப் பார்ப்பது ஜோடி சேராது.

மிச்சச் சோறும் மார்க்கெட் கழிவும்

ஓட்டல் மிச்சம் கிடைக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மிச்சத்தில் பெரும்பங்கு சோறு, இட்லி, சாம்பார். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 40 கிலோ பன்றி ஏழு கிலோ மிச்சம் தின்றால் ஒன்றரை கிலோவுக்கும் குறைவான உலர்ந்த தீனிதான் உள்ளே போகிறது. அதில் லைசின் 5 கிராம் இருந்தால் அதிகம். அந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை 17 கிராமுக்கு மேல். இந்த இடைவெளியை அடைக்க 400 கிராம் சோயா பிண்ணாக்கும் 2 கிராம் லைசின் தூளும், கூடவே ஒரு பிடி தாது உப்பும் போதும். இலவச மிச்சத்தை விடவேண்டாம். அதில் இல்லாததை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். செலவைக் குறைக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

மார்க்கெட் கழிவு அதைவிடத் தண்ணீர். முட்டைக்கோஸ் இலை, முள்ளங்கி, தக்காளி எல்லாம் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். கொறிக்கக் கொடுங்கள், வயிற்றை நிரப்பக் கொடுக்காதீர்கள்.

அசோலாவைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும். விரிவாக்கக் கூட்டங்களில் அதைத் தீவனச் செலவுக்கு ஒரே மருந்தாகச் சொல்கிறோம். நல்ல பயிர்தான். ஆனால் இரண்டு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் 120 கிராம் அளவுக்குத்தான் தேறும். அதில் லைசின் ஒன்றரை கிராமைத் தாண்டாது. இரண்டு கிராம் லைசின் தூள் செய்யும் வேலை அது. தொட்டி கட்டி, சாணம் கரைத்து, தினம் அள்ளிக் கழுவும் பெண்களின் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

மிச்சம் கொடுப்பவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020ல் அசாமிலும் அருணாசலத்திலும் தலைகாட்டிய நோய், 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளில் உறுதியானது. தடுப்பூசி போட்டுத் தப்பிக்கலாம் என்று நம்பி இருக்கக்கூடிய நோய் அல்ல இது. மனிதர்களுக்கு வராது, பன்றிக் கொட்டகையைக் காலி செய்துவிடும். பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்சம் அதற்கு நல்ல வாகனம். இறைச்சி மிச்சத்தைத் தவிர்ப்பது உத்தமம். எந்த மிச்சமானாலும் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்து ஆறியபின் கொடுங்கள். விறகு செலவுக்குப் பயந்து இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது கண் வையுங்கள்

தவிடு என்று சொல்லி உமி கலந்து விற்பது புதிதல்ல. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பது உமி. பச்சரிசித் தவிடு அரைத்த சில நாட்களிலேயே காறல் வாடை அடிக்கும். புழுங்கல் தவிடு நெல்லை வேகவைக்கும்போதே கெடுக்கும் நொதி அழிந்துவிடுவதால் அதைவிடத் தாங்கும். டெல்டா ஆலைகளில் புழுங்கல் தவிடு தாராளமாகக் கிடைப்பது நமக்கு அனுகூலம். ஆனாலும் கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். தவிட்டு எண்ணெய் அதிகமானால் பன்றிக் கொழுப்பு இளகி, கறிக்கடைக்காரர் விலையைக் குறைப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு வரும். பன்றி அதைத் தாங்காது. கருகிய வாடை அடிக்கும் பிண்ணாக்கை வாங்காதீர்கள். அதிகச் சூட்டில் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு செரிக்காமல் போகும். பரிசோதனையில் புரதம் சரியாகக் காட்டும். பன்றிக்குப் பயன் இருக்காது. எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் டிடிஜிஎஸ் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அரிசி டிடிஜிஎஸ்ஸில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி விற்பார்கள். அந்தப் புரதத்தில் லைசின் பங்கு குறைவு. உலர்த்தும் சூட்டில் இன்னும் குறையும். சிறிதளவு சேர்க்கலாம்; சோயாவுக்கு மாற்று என்று நம்பிவிடாதீர்கள். கருவாட்டுத் தூளில் லைசின் அருமையாக இருக்கும், உப்பும் அப்படியே இருக்கும். தண்ணீர் போதாத கொட்டகையில் உப்பு விஷமாகிப் பன்றி சாகும். பச்சைச் சோயா பீன்ஸை வறுக்காமல் வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது.

நாற்றமும் இந்தக் கணக்கில்தான்

நகரத்தை ஒட்டிப் பன்றி வளர்ப்பவர்களுக்கு முதல் எதிரி நாற்றம். தாராசுரம் இன்று கும்பகோணம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. வயலாக இருந்த இடங்களில் மனை போட்டு வீடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு கொடுத்தால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அந்த நெடியின் பெரும்பகுதி, பன்றி பயன்படுத்தாமல் வெளியேற்றிய புரதம் அமோனியாவாக மாறுவதால் வருவது. அமினோ அமிலத்தைச் சமன்செய்து தீவனப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால், வெளியேறும் தழைச்சத்து 8 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. தூளுக்குச் செலவழிக்கும் காசில் அக்கம்பக்கத்து நிம்மதியும் கொஞ்சம் அடக்கம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

சந்தை நம் கையில் இல்லை. 2021 ஆகஸ்டில் சோயா விலை எகிறியபோது மத்திய அரசு 12 லட்சம் டன் சோயா பிண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதியைத் தடை செய்தது. 2025 மார்ச்சில் தடையை நீக்கியது. 2023 ஜூலையில் எண்ணெய் நீக்கிய தவிட்டு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஒவ்வொரு உத்தரவிலும் நம் கலவையின் ஒரு பொருள் ஏறும் அல்லது இறங்கும். எழுதிவைத்த ஒரே கலவையை வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் அடிபடுவார். லைசின் கணக்குத் தெரிந்தவர் விலை மாறும்போது பொருளை மாற்றிக்கொள்வார். அதனால்தான் கலவைச் சீட்டைவிடக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள் என்று விரிவாக்கப் பணியாளர்களைக் கேட்கிறேன்.

நடைமுறைத் தடை ஒன்று இருக்கிறது. லைசின் 25 கிலோ மூட்டையாக வருகிறது. பத்துப் பன்றி வைத்திருப்பவர் தினம் 20 கிலோ தீவனம் போட்டால், டன்னுக்கு ஒன்றரை கிலோ கணக்கில் ஒரு மூட்டை இரண்டு வருடத்துக்கு மேல் வரும். டெல்டா ஈரத்தில் அது கட்டிபிடித்துப் போகும். ஆகவே பத்துப் பேர் சேர்ந்து வாங்குங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் இதை ஒரு கிலோ பொட்டலமாகப் பிரித்து விற்கலாம். யூரியாவும் பொட்டாஷும் விற்கும் கூடத்தில் ஒரு அலமாரி போதும்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்று பெயர் பெற்ற நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து டெல்டாவின் தவிடு, நொய், உளுந்தம்பொட்டு, பிண்ணாக்கு ஒவ்வொன்றிலும் லைசின் எவ்வளவு என்று வருடத்துக்கு இருமுறை, குறுவை அரைப்பு முடிந்தும் தாளடி அரைப்பு முடிந்தும், ஒரு பக்க அட்டவணை வெளியிட்டால் போதும். அதை ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் ஒட்டலாம். தீவன நிறுவனங்களைப் பொறுத்தவரை, பை மேல் லைசின் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் நாம் வாங்கக் கூடாது. கேட்பவர் நாலு பேர் ஆனால் அச்சிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்தில் பன்றி வளர்ப்பவர்களில் பலர் சொந்தமாக நிலம் இல்லாதவர்கள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அவர்கள் வீட்டுக்குப் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் இந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகின்றன. பன்றி என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அது அலுவலகங்களிலும் இருக்கிறது. கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நடக்கும் பயிற்சிகளின் எண்ணிக்கையையும் பன்றிக்கு நடப்பவற்றையும் உங்கள் வட்டாரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த முகச்சுளிப்பின் விலையை, கிலோவுக்கு ஒரு கிலோ கூடுதல் தீவனமாக, மிகக் குறைந்த வருமானம் உள்ள குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது. 150 கிராம் தூளைப் பற்றிய செய்தி கூட அவர்கள் கொட்டகை வரை போய்ச் சேரவில்லை என்றால், குறை அவர்களிடம் இல்லை.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. உங்கள் தீவனக் கலவையை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே மேலே சொன்ன லைசின் சதவீதத்தைப் போட்டுக் கூட்டுங்கள். 0.95க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தத் தாளை அடுத்த முறை கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.